உஷார்! பழைய பேஞ்சோவை லேத்தில் ஏற்றும் முன் இதைப் படியுங்கள்

1930-களில் செய்த கிப்சன் பேஞ்சோ ஒன்று விலைக்கு வருகிறது. ரிம் என்ற மர வட்டத்துக்குள் ‘மாஸ்டர்டோன்’ என்ற முத்திரைத் தாள் பளிச்சென்று ஒட்டியிருக்கிறது. விற்பவர் சூடம் அடித்துச் சத்தியம் செய்யாத குறைதான். “உள்ளே எல்லாமே ஒரிஜினல்” என்கிறார். முன்பணம் அனுப்பக் கை துறுதுறுக்கிறதா? கொஞ்சம் நில்லுங்கள். அந்த பேஞ்சோவைப் பிரித்து, டோன் ரிங் என்ற உலோக வளையத்தைத் தூக்கி, அதன் அடியில் இருக்கும் மரத்தைப் பார்க்காதவரை நீங்கள் வாங்குவது என்ன என்று உங்களுக்குத் தெரியாது. பல நேரங்களில் விற்பவருக்கே தெரியாது.

இதைவிட மோசமான இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. உங்களிடமே ஒரு பழைய பேஞ்சோ இருக்கிறது. “ரிம்மைக் கொஞ்சம் கடைந்து ஒரு நல்ல வெண்கல ரிங் போட்டால் சத்தம் பிய்த்துக்கொண்டு போகும்” என்று யாரோ ஆசை காட்டுகிறார். போலியை வாங்கினால் பணம்தான் போகும், திரும்பச் சம்பாதித்துக்கொள்ளலாம். லேத்தில் சுருளாகிக் கீழே விழுந்த 90 வருஷத்து மேப்பிள் மரத்தை யாராலும் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

பேஞ்சோ என்றதும் விசைகள் வைத்த புல்புல் தரங்கை நினைத்துவிட வேண்டாம். அதற்கும் இந்தியாவில் அந்தப் பெயர் உண்டு. இங்கே பேசுவது அமெரிக்க பேஞ்சோ. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்ட மக்களின் கைவழியே கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் உருவாகி, இன்று ப்ளூகிராஸ் இசையின் உயிர்நாடியாக இருக்கும் வாத்தியம். பெரிய கஞ்சிரா ஒன்றுக்கு நீளமான கழுத்தும் கம்பிகளும் பொருத்தியதுபோல் இருக்கும்.

ஏன் இத்தனை தில்லுமுல்லு?

1920-கள் அமெரிக்காவில் ஜாஸ் நடனக் குழுக்களின் பொற்காலம். அப்போது கடையில் விற்றதெல்லாம் பெரும்பாலும் நான்கு கம்பி டெனர், பிளெக்ட்ரம் பேஞ்சோக்கள்தான். ஐந்து கம்பி பேஞ்சோவைக் கேட்டு வந்தவர்கள் குறைவு. அப்புறம் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது, கிடார் பேஞ்சோவின் இடத்தைப் பிடித்தது, போர் வந்து உலோகத்துக்கே தட்டுப்பாடானது.

1945 டிசம்பரில் எர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற 21 வயது இளைஞர் ப்ளூகிராஸ் முன்னோடி பில் மன்றோவின் குழுவில் சேர்ந்து, ஐந்து கம்பி பேஞ்சோவை மூன்று விரல்களால் சரமாரியாக வாசித்தார். நிலைமை தலைகீழானது. பிற்பாடு அவர் கையில் நிலைத்த பேஞ்சோ, போருக்கு முந்தைய கிப்சன் கிரனாடா. ஸ்னஃபி ஜென்கின்ஸ் என்ற கலைஞரிடமிருந்து டான் ரீனோ என்ற இன்னொரு கலைஞருக்குப் போய், ரீனோவிடமிருந்து பண்டமாற்றில் ஸ்க்ரக்ஸிடம் வந்தது. அந்த நாதம் தனக்கும் வேண்டும் என்று அன்று ஆசைப்பட ஆரம்பித்தவர்கள் இன்றும் அடங்கவில்லை.

ஆனால் சரக்கு ஏது? போருக்கு முன் கிப்சன் செய்த ஐந்து கம்பி ‘ஃபிளாட்ஹெட்’ மாஸ்டர்டோன்கள் சொற்பம். அசல் பொருள் ஒரு லட்சம் டாலரையும் தாண்டி விலை போயிருக்கிறது. அதே காலத்தில், அதே கலமசூ நகரத் தொழிற்சாலையில் செய்த சாதாரண டெனர் பேஞ்சோ அதில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கும். இந்த இரண்டு விலைகளுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் மொத்த வியாபாரமும் நடக்கிறது. டெனரின் கழுத்தைக் கழற்றிப் புது ஐந்து கம்பிக் கழுத்து பொருத்துவது ஒரு ரகம். ரிம்மைக் கடைந்து, அதில் இல்லாத டோன் ரிங்கை உட்காரவைப்பது இன்னொரு ரகம். நடந்ததை நடந்தபடி சொல்லி விற்றால் இரண்டிலும் தப்பில்லை. சொல்லாமல் விற்றால் மோசடி. அந்த பேஞ்சோ மூன்று, நான்கு கை மாறிய பிறகு, சொல்ல வேண்டியவரே இருக்கமாட்டார்.

முதலில் பாகங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

ரிம் என்பது மரத்தாலான வட்டச் சட்டம். கிப்சனில் சுமார் 11 அங்குல விட்டம். அதன் தலைமேல் உட்காரும் உலோக வளையம் டோன் ரிங். அதற்கு மேல் தோல். தோலை இழுத்துப் பிடிக்க ஒரு வளையமும் அதில் மாட்டிய கொக்கிகளும். கொக்கிகளின் மறுமுனை, ரிம்மின் இடுப்பைச் சுற்றி ஓடும் ஃபிளாஞ்ச் என்ற உலோகப் பட்டையில் நட் போட்டு முறுக்கப்பட்டிருக்கும். பின்னால் மூடிபோல் இருப்பது ரெசனேட்டர்.

கழுத்தை மாற்றலாம், கொக்கியை மாற்றலாம், தோலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஸ்க்ரக்ஸின் கிரனாடாவிலேயே கழுத்து மாறியிருக்கிறது. அதனால் அதன் மவுசு குறைந்துவிடவில்லை. பேஞ்சோவின் பிறப்புச் சான்றிதழ் ரிம்தான். தொழிற்சாலை எண் அதில்தான் இருக்கும். டோன் ரிங் உட்காரும் படிக்கட்டு அதில்தான் வெட்டப்பட்டிருக்கும். அந்த வெட்டு, பேஞ்சோ எப்படிப் பிறந்தது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கிப்சன்: ஒரே பெயர், பல உடம்பு

‘மாஸ்டர்டோன்’ என்று எழுதியிருந்தாலே ஸ்க்ரக்ஸ் வாசித்த மாதிரிதான் என்று நினைப்பவர்கள்தான் முதல் இரை. அந்த ஒரே பெயரில் கிப்சன் சில வருஷ இடைவெளிகளில் வெவ்வேறு அமைப்புகளை விற்றது.

1925 வாக்கில் வந்த முதல் மாஸ்டர்டோனில் இருந்தது ‘பால் பேரிங்’ அமைப்பு. ரிம்மின் தலையில் சுற்றிலும் துளையிட்டு, ஒவ்வொரு துளையிலும் ஒரு ஸ்பிரிங், அதன்மேல் ஒரு எஃகுக் குண்டு, அந்தக் குண்டுகளின்மேல் மிதப்பதுபோல் ஒரு குழல் வளையம். 1920-களின் பின்பாதியில் இது போய், கனமான வார்ப்பு ரிங் வந்தது. முதலில் வந்தது ‘ஆர்ச்டாப்’. உள்பக்கம் மேடாக உயர்ந்திருப்பதால், தோல் 11 அங்குலத்தில் தொடாமல் சுமார் 9½ அங்குல வட்டத்தில்தான் தொடும். சத்தம் கூர்மையாக வெட்டும். இதில் 40 துளை உள்ளதும் உண்டு, துளையே இல்லாததும் உண்டு. அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில் வந்ததுதான் ஃபிளாட்ஹெட். மேடு கிடையாது, தோல் விளிம்புவரை தட்டையாகப் படியும், அடிச்சத்தம் ஆழமாக இருக்கும். 20 துளை, ஏறக்குறைய 3 பவுண்டு எடை. சந்தை அடித்துக்கொள்வது இதற்குத்தான்.

ஃபிளாஞ்சும் மாறியது. முதலில் குழாய் ஒன்று, தட்டு ஒன்று என இரண்டு துண்டு. 1930-ஐ ஒட்டி ஒரே துண்டாக வார்த்தது வந்தது. இரண்டுக்கும் ரிம்மின் வெளிப்புற வெட்டு வேறு. குழாய்-தட்டு அமைப்புக்கு ரிம் தடிப்பு, ஒரே துண்டுக்கு மெலிவு.

இதெல்லாம் மாஸ்டர்டோன் வகை. இதற்குக் கீழே மலிவு வகைகள் இருந்தன. ஸ்டைல் 1, முத்துப்போல் மினுங்கும் பிளாஸ்டிக் தகடு ஒட்டிய ஸ்டைல் 11, கலமசூ என்ற பெயரிலும், மான்ட்கோமரி வார்டு கடைகளுக்காக ரெக்கார்டிங் கிங் என்ற பெயரிலும் கிப்சன் செய்து கொடுத்தவை. ஸ்டைல் 1, ஸ்டைல் 11 இரண்டிலும் வழக்கமாகக் கனமான வார்ப்பு ரிங் கிடையாது. ரிம்மின் தலையில் மெல்லிய பித்தளை வளையம் மட்டும்தான். மூன்று தடித்த அடுக்காக ஒட்டிய அதே மேப்பிள் ரிம் இவற்றிலும் இருப்பதால், ‘மாற்றித்தர’ ஆசைப்படுகிறவர்கள் தேடி வாங்குவது இவற்றைத்தான்.

ஆகவே யாராவது “ஸ்டைல் 11, தொழிற்சாலையிலேயே போட்ட ஃபிளாட்ஹெட் ரிங்” என்றால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பெருமந்தக் காலத்தில் கிப்சன் கையிருப்பில் கிடந்த பாகங்களைச் சேர்த்து, கேட்லாகில் இல்லாத சேர்க்கைகளையும் அனுப்பியது உண்மை. ஏமாற்றுக்காரர்களுக்கு அல்வா மாதிரி கிடைத்த சாக்கும் அதுதான். “இது அபூர்வப் பீஸ்” என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

எண்ணைப் பாருங்கள், ஆனால் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்

கிப்சன் ரிம்மின் உள்பக்கத்தில் தொழிற்சாலை எண் இருக்கும். சில இலக்கங்கள், ஒரு சிறு கோடு, பிறகு ஓரிரு இலக்கங்கள். ஸ்க்ரக்ஸின் கிரனாடா எண் 9584-3. அதாவது 9584 என்ற தொகுதியில் 3-ஆவது. அதே எண் ரெசனேட்டரின் உள்பக்கத்திலும் இருக்க வாய்ப்புண்டு. இரண்டும் ஒன்றாக இருந்தால் ரிம்மும் ரெசனேட்டரும் சேர்ந்தே பிறந்தவை என்று நம்ப இடமிருக்கிறது.

மாடல் எழுத்தையும் பாருங்கள். ஆர்பி என்றால் ஐந்து கம்பி. டிபி என்றால் டெனர். பிபி என்றால் பிளெக்ட்ரம். எண்ணைத் தேடிப் பார்த்தால் டெனர் என்று வருகிறது, கையில் இருப்பதோ ஐந்து கம்பி என்றால், கழுத்து பிற்காலத்தது. அதில் குற்றமில்லை, விலையில் அது தெரிய வேண்டும், அவ்வளவுதான். அசல் டெனர் கழுத்து எங்கே என்று கட்டாயம் கேளுங்கள். அது கூடவே வந்தால் பேஞ்சோவை என்றைக்கு வேண்டுமானாலும் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் டோன் ரிங் அசல் என்று அர்த்தமில்லை. ரிங்கில் எண் கிடையாது. ரிம்முக்குள் ஒட்டும் மாஸ்டர்டோன் தாள் புதிதாக அச்சடித்தே விற்பனைக்குக் கிடைக்கிறது. எடை போட்டுப் பார்த்து 3 பவுண்டு இருக்கிறதே என்று மகிழ்ந்துவிடாதீர்கள். இன்றைக்கு ரிங் வார்ப்பவர்கள் அந்த எடையைக் குறிவைத்துத்தான் வார்க்கிறார்கள். களிம்பேறிப் பழசாகத் தெரிகிறதா? ரசாயனம் தடவி நிறம் மாற்றுவது பெரிய வித்தையில்லை. “சத்தத்தைக் கேட்டாலே தெரியுமே” என்பவரிடம் வாதாட வேண்டாம், பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

பெரிய தொகை என்றால் எக்ஸ்ரே ஒளிர்வு சோதனை இருக்கிறது. கைக்கருவியை ரிங்கின்மேல் வைத்தால் செம்பு, வெள்ளீயம், துத்தநாகம், ஈயம் எந்த அளவில் என்று காட்டிவிடும். உலோகத்தைச் சுரண்ட வேண்டிய அவசியமே இல்லை. முலாம் பூசிய இடத்தில் வைத்தால் முலாமையும் சேர்த்து வாசிக்கும் என்பதால், முலாம் தேய்ந்த இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

பிரித்தால்தான் உண்மை

இந்த வேலையைத் தெரிந்தவர் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு போட்டோ.

கம்பிகளைத் தளர்த்தி, பிரிட்ஜை எடுத்து, ரெசனேட்டரைக் கழற்ற வேண்டும். மாஸ்டர்டோனில் 24 கொக்கிகள். ஒரு பக்கத்தில் முழுக்க அவிழ்த்துவிட்டு மறுபக்கம் போனால் வளையம் கோணிக்கொள்ளும். எதிரெதிராக, ஒவ்வொன்றையும் அரைச் சுற்று, மறுபடி அரைச் சுற்று என்று பொறுமையாகத் தளர்த்த வேண்டும். வளையத்தையும் தோலையும் எடுத்த பிறகு ரிங் கண்ணுக்குத் தெரியும். அது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதைக் காகித டேப்பில் குறித்துக்கொள்ளுங்கள். மரத்தில் கிறுக்க வேண்டாம்.

இப்போது இரண்டு கைகளாலும் ரிங்கை நேராகத் தூக்கிப் பார்க்க வேண்டும். சரியாகப் பொருத்திய ரிங் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு வந்துவிடும். வரவில்லையா? ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பாதீர்கள். சுத்தியல், ஹீட் கன் பக்கமே போகாதீர்கள். அந்தக் கால ரிம்மின் அடுக்குகளைப் பிடித்திருப்பது மிருகப் பசை. சூடும் ஈரமும் பட்டால் இளகிவிடும். ஈரக் காலத்தில் மரம் உப்பியிருப்பதால்தான் பெரும்பாலும் ரிங் சிக்கிக்கொள்கிறது. காற்று உலர்ந்த அறையில் சில நாள் வைத்தால் மரம் தானாகச் சுருங்கிக் கொடுக்கும்.

ரிங் வெளியே வந்ததும், டார்ச் அடித்து அது உட்கார்ந்திருந்த படிக்கட்டைப் பாருங்கள். 90 வருஷம் வெண்கலத்தின் அடியில் கிடந்த மரம் கறுத்திருக்கும். ரிங்கின் அச்சு அதில் பதிந்திருக்கும். அங்கங்கே பச்சைக் களிம்பின் கறை இருக்கும். வெட்டின் ஓரங்கள் லேசாக மழுங்கியிருக்கும். இப்படி இருந்தால் நிம்மதி. ஓரம் கத்திபோல் கூர்மையாக, மரம் வெளிர்மஞ்சளாக இருந்தால் அது நேற்றைய கடைசல். நிறம் ஏற்றி மறைத்திருந்தால், கறை மரத்தின் நரம்புகளில் தேங்கி, மீதி இடம் ஒரே சீராகத் தெரியும். இயற்கையான பழுப்பு அப்படி ஒரே சீராக இருக்காது. உள்பக்கத்து வார்னிஷ் வெட்டின் விளிம்பில் சில்லுசில்லாகப் பெயர்ந்திருந்தால், வார்னிஷ் காய்ந்த பிறகுதான் வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ரிங்குக்கும் மரத்துக்கும் நடுவே டேப், காகிதம், மெல்லிய மரச்சீவல் ஏதாவது வைத்திருக்கிறார்களா? அந்த ரிங் அந்த ரிம்முக்கு வெட்டப்பட்டதல்ல. ரிம்மின் தலையில் வட்டமாகத் துளைகளை அடைத்த தடயம் தெரிகிறதா? அது பால் பேரிங் ரிம்மாகப் பிறந்தது. இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய பூச்சு ஒரே சீராக ஒளிரும், பிற்பாடு தொட்டுப் பூசிய இடம் திட்டாகத் தனித்து நிற்கும். கடைசியாக அடிவிளிம்பில் அடுக்குகளை எண்ணுங்கள். போருக்கு முந்தைய மாஸ்டர்டோனில் மூன்று தடித்த அடுக்குகள். மெல்லிய அடுக்குகள் பலவாக இருந்தால் அது அந்தக் காலத்து ரிம் அல்ல.

விற்பவர் பிரிக்க விடமாட்டேன் என்கிறாரா? அவருக்கு நியாயமான காரணம் இருக்கலாம். அப்படியானால் விலையும் ‘உள்ளே என்ன இருக்கிறதோ தெரியாது’ என்ற விலையாகத்தான் இருக்க வேண்டும்.

வேகா வைத்திருப்பவர்களும் உஷார்

பாஸ்டன் நகரத்து ஏ.சி. ஃபேர்பேங்க்ஸ் கம்பெனி 1901-இல் ‘வைட் லேடி’ என்ற பேஞ்சோ மாடலைக் கொண்டுவந்தது. 1904-இல் தொழிற்சாலை தீக்கிரையானதும் வேகா கம்பெனி ஃபேர்பேங்க்ஸை வாங்கியது. 1909-இல் ‘டியூபாஃபோன்’ வந்தது. வைட் லேடியில் வளைவு வளைவாகச் செதுக்கிய அலை வளையம் தெரியும். டியூபாஃபோனில் பக்கவாட்டில் துளைகள் கொண்ட சதுரக் குழல். நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் கழுத்தை மூன்று ஃப்ரெட் நீட்டி வாசித்துப் புகழ்பெற்றது வேகாவில்தான்.

கிப்சனில் இல்லாத ஒரு வசதி இதில் உண்டு. ரிம்மின் உள்ளே ஒரு எண், கழுத்திலிருந்து ரிம்முக்குக் குறுக்கே ஓடும் மரத்தடியில் அதே எண். இரண்டும் பொருந்தினால் கழுத்தும் ரிம்மும் ஒரு தாய்ப் பிள்ளைகள். இங்கே நடக்கும் கொடுமை, அந்த மரத்தடியையே அறுத்துவிட்டு உலோகக் கம்பிகளைப் பொருத்துவது. “இப்போதெல்லாம் இதுதான் வழக்கம், உறுதியாக இருக்கும்” என்பார்கள். தடியோடு சேர்த்து எண்ணும் குப்பைக்குப் போகிறது. தடி தளர்ந்திருந்தால் பசை போட்டு இறுக்கலாம், ஆப்பு வைக்கலாம். அறுக்கச் சொல்கிறவரிடம் பேஞ்சோவைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

சாதாரண வேகா ரிம்மைக் கடைந்து, புதிதாகச் செய்த டியூபாஃபோன் ரிங்கை ஏற்றும் வேலையும் நடக்கிறது. அந்தப் பழைய எளிய ரிம்முக்கென்று ஒரு மென்மையான நாதம் உண்டு. கடைந்த பிறகு அதுவும் இல்லை, அசல் டியூபாஃபோனும் இல்லை.

கடைசல் எங்கே கழுத்தை அறுக்கும்?

ஃபிளாட்ஹெட் ரிங்கை ஏற்ற, ரிம்மின் மேல்பகுதியில் வெளிப்புறத்தைச் சுற்றி மரத்தை எடுத்து, உயரத்தையும் குறைக்க வேண்டும். ரிங்கின் பாவாடை வெளியே வழுக்கி இறங்கும், உள் உதடு மேலே உட்காரும். மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு கூடினாலோ குறைந்தாலோ வேலை கெட்டது. அதிகமாக எடுத்தால் ரிங் ஆடும், சத்தத்தில் ஜிர்ரென்று ஒரு அதிர்வு கேட்கும். இறுக்கமாக விட்டால் மழைக்காலத்தில் மரம் உப்பி, வெண்கலத்தை எதிர்த்து நிற்க முடியாமல் அடுக்குகள் விட்டுக்கொடுக்கும். ஏற்கெனவே வட்டம் கெட்டு முட்டையாகிப்போன ரிம்மை லேத்தில் ஏற்றினால், ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் வெட்டும். அளவுகோலை இரண்டு திசையில் வைத்து அளந்து பார்க்காமல் யாரும் உளியைத் தொடக்கூடாது.

ஒரே துண்டு ஃபிளாஞ்சைத் தாங்குவது ரிம்மின் வெளிப்புறத்தில் இருக்கும் ஒரு மெல்லிய மர உதடு. 24 கொக்கிகளின் இழுவையும் அதன்மேல்தான். கடைசலில் அது மெலிந்தால் நாளடைவில் நசுங்கி, ஃபிளாஞ்ச் மேலே ஏறும். குழாய்-தட்டுக்கு வெட்டிய தடித்த ரிம்மை, ஒரே துண்டு ஃபிளாஞ்சுக்காகக் கடைவதும் இதே பாவம்தான். அதில் போன மரமும் வராது.

பால் பேரிங் பேஞ்சோதான் இதில் அதிகம் பலியாவது. “அது தோற்றுப்போன டிசைன்” என்று சொல்லி, தலையைச் சீவி, புது மர வளையம் ஒட்டி, ஃபிளாட்ஹெட் ஏற்றிவிடுகிறார்கள். ஸ்பிரிங்குகளும் குண்டுகளும் ஒரு டப்பாவில் போய்த் தொலைந்துபோகின்றன. முழுசாக இருக்கும் பால் பேரிங் மாஸ்டர்டோன் ஒரு காலகட்டத்தின் சாட்சி. வெட்டியது வெறும் கலவை பேஞ்சோ.

ஃபிளாஞ்ச், முலாம், பிளாஸ்டிக்: மூன்று கண்ணிகள்

போருக்கு முந்தைய ஒரே துண்டு ஃபிளாஞ்ச் துத்தநாகக் கலவை வார்ப்பு. பார்க்க உறுதியாகத் தெரியும், ஆனால் கொக்கி இழுக்கும் இடங்களில் மேல்நோக்கி வளையும், சில சமயம் வெடிக்கும். அக்காலத்துத் துத்தநாக வார்ப்பில் ஈயக் கலப்படம் இருந்தால் உள்ளுக்குள்ளேயே நொறுங்கிக்கொண்டும் வரும். வளைந்ததைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தப் பார்த்தால் இரண்டாகப் போகும். தாளாது என்று தெரிந்தால் புது ஃபிளாஞ்ச் மாட்டி வாசியுங்கள், பழையதைப் பத்திரமாகக் கட்டி வையுங்கள். கன்றுத்தோல் காலத்து பேஞ்சோவில் பிளாஸ்டிக் தோலை மாட்டி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முறுக்குவதுதான் ஃபிளாஞ்சுக்கு எமன்.

பழைய முலாமைப் பளபளப்பாக்குகிறேன் பேர்வழி என்று பாலிஷ் சக்கரத்தில் கொடுக்காதீர்கள். கிரனாடாவின் தங்க முலாம் மிக மெல்லியது, ஒரு தேய்ப்பில் போய்விடும். மறுமுலாம் பூசினால் அசல் ரிங்கையும் போலி என்றுதான் அடுத்தவர் சந்தேகிப்பார். உலோகத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், அரம் போட்டு ராவுவதும் எமரி தேய்ப்பதும் உங்கள் நுரையீரலுக்கும் நல்லதில்லை.

ஸ்டைல் 11-இன் தலையிலும் ஃபிங்கர்போர்டிலும் ஒட்டியிருக்கும் முத்து நிறத் தகடு செல்லுலாய்டு. சுலபமாகத் தீப்பிடிக்கும் பொருள். அதன்மேல் ஹீட் கன், சால்டரிங் அயர்ன், வேகமாகச் சுற்றும் எமரி சக்கரம் எதுவும் படக்கூடாது. நாள்பட்ட செல்லுலாய்டு சிதையும்போது அமில ஆவியை விடும், பக்கத்து உலோகத்தை அரிக்கும். காற்றுப் புகாத பெட்டியில் வருஷக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள்.

ஃபிளாட்ஹெட் சத்தம் வேண்டுமென்றால்?

ஆசைப்படுவதில் தவறில்லை. அசலை அறுக்காமலே அதை அடைய வழி இருக்கிறது. மூன்றடுக்கு மேப்பிளில் புது ரிம் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் வாங்கும் புது டோன் ரிங்கைப் புது ரிம்மில் ஏற்றச் சொல்லுங்கள். உங்கள் பழைய கழுத்து, ரெசனேட்டர், வளையம், கொக்கிகளை அதில் மாட்டி வாசியுங்கள். பழைய ரிம்மை அதன் பித்தளை வளையத்தோடு துணியில் சுற்றி வையுங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளை விற்க நினைத்தால், ஒரே மாலையில் பழையபடி கோர்த்துவிடலாம். செலவு கொஞ்சம் கூடும்தான், ஆனால் பேஞ்சோவின் மதிப்பு ஒரு சல்லிக்காசு குறையாது.

ஏற்கெனவே யாரோ வெட்டிக் கெடுத்த ரிம் மலிவாகக் கிடைத்தால், அதில் தாராளமாகப் பரீட்சை செய்யுங்கள். அதற்குத்தான் அது இருக்கிறது.

பணம் கொடுக்கும் முன்

விற்பவரிடம் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்:

- ரிம், டோன் ரிங், ஃபிளாஞ்ச், கழுத்து, ரெசனேட்டர் ஒவ்வொன்றும் அசலா, மாற்றியதா, தெரியாதா என்று தனித்தனியாக. “எல்லாம் ஒரிஜினல்” என்ற ஒற்றை வரி செல்லாது.
- ரிம்மிலும் ரெசனேட்டரிலும் உள்ள எண்களின் தெளிவான போட்டோ. வேகா என்றால் மரத்தடியின் எண்ணும்.
- ரிங்கைத் தூக்கிய நிலையில் படிக்கட்டின் போட்டோ, சுற்று முழுவதும்.
- சொன்னதற்கு மாறாக இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வதற்கான கெடு.

பட்டறையில் விடும் முன்

- எந்தெந்த பாகத்தைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று வேலைச் சீட்டிலேயே எழுதுங்கள். “ரிம்மில் கடைசல் கூடாது” என்பது முதல் வரியாக இருக்கட்டும்.
- கழற்றிய ஒவ்வொரு துண்டும், உடைந்த கொக்கி உட்பட, திரும்ப வர வேண்டும்.
- விடும்போதும் எடுக்கும்போதும் ரிம்மின் போட்டோ.
- “உங்களைக் கேட்காமலே சரி பண்ணிட்டேன்” என்பதற்கு இடம் வைக்காதீர்கள். சந்தேகம் வந்தால் வேலையை நிறுத்திவிட்டு உங்களைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

மாற்றம் செய்துதான் ஆகவேண்டும் என்று முடிவெடுத்தால், என்ன மாற்றினீர்கள், எந்தத் தேதியில், யார் செய்தது, கழற்றிய பாகம் எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி பேஞ்சோ பெட்டிக்குள் போட்டு வையுங்கள். இன்று சந்தையில் நடக்கும் குழப்பத்தில் பாதி, முன்பு மாற்றியவர்கள் இந்த ஒரு தாளை எழுதாமல் விட்டதால் வந்தது. அடுத்து வாங்குகிறவரையாவது அந்தக் குழப்பத்தில் தள்ளாதீர்கள்.